ஆடி மாதத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

டிராஃபிக்கைத் திட்டும் உரிமை இந்த நாட்டில் எல்லாருக்கும் உண்டு, எனக்கு மட்டும் கிடையாது. சாலையில் வண்டி நின்று, நான் 'ச்சே' என்று வாயெடுத்தாலே பின்சீட்டிலிருந்து என் மனைவி தோளைத் தட்டி, "நீங்க பேசாதீங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மற்றவர்களெல்லாம் நெரிசலில் போய் மாட்டிக்கொண்டவர்கள். நான் நெரிசலை ஏற்பாடு செய்தவன், அதுவும் மேளதாளத்தோடு.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில், சரி, ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் ஒரு கிளைச்சாலை பிரியும். அதில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் குறிஞ்சி நகர். அப்பா மனை வாங்கியபோது அது கடலைக்காடு. மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு புரோக்கர், "சார், அஞ்சே வருசம், இது சிட்டிங்க" என்றார். உலகத்திலேயே சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே புரோக்கர் அவராகத்தான் இருக்கும். விவசாய நிலம் என்று இருந்ததைக் குடியிருப்பு என்று மாற்றினார்கள். பிறகு அதையும் மாற்றி, கலப்புப் பயன்பாட்டு மண்டலம் என்று அறிவித்தார்கள். எதையெல்லாம் கலக்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. (வெலை ஏறுதுன்னா எவன் கேப்பான்?)

முதலில் ஒரு கல்யாண மண்டபம் வந்தது. அதைப் பார்த்து எதிரிலேயே இன்னொன்று, இரண்டையும் பார்த்து மூன்றாவது. நடுவில் பிரியாணிக் கடை, கார் கழுவும் இடம், பள்ளிக்கூடம். எல்லாம் வளர்ந்தன, சாலை மட்டும் கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி போன அகலத்திலேயே கிடந்தது. வரைபடத்தில் எங்கள் நகருக்குப் பின்னால் ஏரியை ஒட்டிப் பைபாஸ் வரைக்கும் நாற்பதடி இணைப்புச் சாலை ஒன்று உண்டு. நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேல முள்ளும் யாரோ ஒருவருடைய ஆடுகளும்தான் உண்டு.

இதில் எனக்கென்ன நஷ்டம் என்றால், கல்யாணம்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். சொந்த வீடு, ஒழுங்கான சம்பளம், தலையில் போதுமான முடி. ஆனாலும் ஒரு சம்பந்தமும் கூடி வரவில்லை. ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று அம்மா கோயில் கோயிலாகப் போனார். தோஷம் ஜாதகத்தில் இல்லை, சாலையில் இருந்தது என்பதைக் கணக்கு வாத்தியாரான நான்தான் கண்டுபிடித்தேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க எப்போது வருவார்கள்? நல்ல நாளில். நல்ல நாளில் எங்கள் சாலையில் என்ன நடக்கும்? மூன்று மண்டபத்திலும் முகூர்த்தம். ஆக, எங்கள் வீட்டுக்குக் கிளம்பிய பெண் வீட்டாரெல்லாம் யாரோ ஒருவருடைய கல்யாணக் கூட்டத்தில் மாட்டி, நல்ல நேரத்தைத் தெருவிலேயே தொலைத்து, சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போனார்கள்.

கடைசியாக வந்தது மாரண்டஹள்ளி சம்பந்தம். பெண் பெயர் பவித்ரா. பாலக்கோட்டில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். போட்டோவில் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த யாரோ நானாக இருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாகிவிட்டது. அந்தப் போட்டோவை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். வைகாசியில் ஒரு வேன் நிறைய அவர்கள் வந்தார்கள். முதல் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேன் நின்றது, நின்றதுதான். ராகு காலம் ஆரம்பித்ததும் அப்படியே ரிவர்ஸ் எடுத்துப் போனார்கள். எங்கள் மொட்டை மாடியில் நின்று அந்த வேனின் முதுகை நானும் அம்மாவும் பார்த்தோம்.

பெண்ணின் அப்பா கோவிந்தராஜ், தக்காளி விவசாயி. தரகர் மூலமாகச் சொல்லியனுப்பினார்: "பையன் மேல குத்தம் சொல்லலீங்க. ஆனா நாளைக்கு நல்லது கெட்டதுன்னா பொண்ணு வூட்டுக்கு வந்து சேர ஒரு ரோடு வேணும்லீங்க. ஆடி கழியட்டும், யோசிச்சுச் சொல்றோம்."

எங்கள் பக்கத்தில் 'யோசிச்சுச் சொல்றோம்' என்றால் யோசித்து முடித்தாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். (வேற ஒருத்தரும் போட்டி போடலை, அது வேற விசயம்.) காதலுக்காகக் கோட்டை கட்டியவர்கள் உண்டு. நான் நாற்பதடி இணைப்புச் சாலை கேட்டு மனு எழுதினேன்.

மனுவுக்குப் பலன் கிடைத்தது. ஒரு நாள் மத்தியானம் நகரமைப்பு அலுவலகத்திலிருந்து போன். "நாளன்னைக்குக் காலையில சைட் பாக்க வர்றோம் சார். நெரிசல் எந்த அளவுக்குன்னு நேர்ல பாத்துட்டு, லிங்க் ரோடு தேவையா இல்லையான்னு எழுதுவோம்" என்றார்கள். சந்தோஷமாக "வாங்க சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாலையின் நட்டநடுவில் ஒரு நாய் மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்திருந்தது.

ஆடியில் எவன் வீட்டில் கல்யாணம் வைப்பான்? மூன்று மண்டபத்துக்கும் பூட்டு. எங்கள் சாலையில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். வருஷம் முழுக்க மூச்சுத் திணறும் சாலை, அதிகாரிகள் வருகிற மாதமாகப் பார்த்து விபூதி பூசிய சாமியார் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தது.

சங்கத் தலைவி சரோஜா அக்காவிடம் ஓடினேன். மாவு மில் வைத்திருப்பவர். மெஷின் சத்தத்தில் பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வார்.

"அக்கா, ஆவணியில வரச் சொல்லிப் பாக்கலாங்களா?"

"ஆபீசருங்க நம்ம வசதிக்கு வருவாங்களா மாதேசு? வர்ற அன்னைக்கு ரோடு காலியா கெடந்துச்சுன்னா, 'எல்லாம் நல்லாத்தான் இருக்குது'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அப்பறம் அந்த நாப்பதடியிலயும் எவனாவது கடை கட்டிருவான்."

"அப்ப என்னங்கக்கா பண்றது?"

மில்லை நிறுத்தினார். கையிலிருந்த மாவைத் தட்டினார். "கூட்டம் இல்லீன்னா கூட்டணும்" என்றார்.

கூட்டுவதற்கு ஏற்ற ஆள் என் பள்ளித் தோழன் திம்மராயன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். பந்தல், மைக்செட், பேண்டு வாத்தியம், மணமகன் ஊர்வலக் கார் என்று கல்யாணத்துக்கு வேண்டியது எல்லாம் அவனிடம் உண்டு. ஆடி மாதம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகத்தில் ஆவணி பிறந்துவிட்டது.

"இதுல பொய் ஒண்ணும் இல்லடா மாதேசு. ஆவணியில நடக்கறத ஆடியிலயே காட்டறோம். ஒத்திகைன்னு வச்சுக்கோ" என்றான்.

திம்மராயனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் முழுதாகச் செய்வான். அவனிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான். நான் கேட்டது நாலு வேன், இரண்டு ஆட்டோ. அன்றைக்குக் காலையில் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வெளியே வந்து பார்க்கிறேன், வேலையில்லாமல் இருந்த மாவட்டத்துக் கல்யாணத் தொழில் மொத்தமும் எங்கள் சாலையில் நிற்கிறது. சமையல்காரர் டெம்போவில் அண்டா குண்டா, ஜெனரேட்டர் வண்டி, சிவப்புச் சட்டையில் பேண்டு செட். முதல் மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். அதில் வேட்டி சட்டையில் கைகட்டிக்கொண்டு நான். என் பக்கத்தில், நான் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு பெண், பட்டுப்புடவையில், வெட்கத்தோடு. மேலே 'மணமக்களை வாழ்த்த வருக வருக'.

"யாருடா இது?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பேனர் இல்லாத கல்யாணத்த எந்த ஆபீசர் நம்புவாரு? நீ பொண்ணு பாக்க அனுப்பற போட்டோ என் போன்ல இருந்துச்சு. அந்தப் பொண்ணு பிளெக்ஸ் கடை கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு. ஜோடி நல்லாத்தான் இருக்குது" என்றான்.

கழற்றச் சொல்வதற்குள் அடுத்த பிரச்சினை. ரோஜாப்பூ ஒட்டிய கார் தயாராக இருக்கிறது, உள்ளே மாப்பிள்ளை இல்லை. சரோஜா அக்கா மில் குரலில், "காலிக் காரை வச்சுக்கிட்டு மாப்பிள்ளை அழைப்புன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க? ஏறுடா மாதேசு" என்றார். யாரோ மாலையைப் போட்டார்கள், யாரோ நெற்றியில் சந்தனம் அப்பினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காரின் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மாலை கழுத்தில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. முப்பத்தொரு வருஷம் காத்திருந்த முதுகு.

ஊர்வலம் ஊர்ந்தது. எங்கள் திட்டம், மூன்றாம் மண்டபம் வரை நத்தை மாதிரி போய்த் திரும்புவது. ஆனால் உலகத்துக்கு எங்கள் திட்டம் தெரியாதே. ஒகேனக்கலுக்குக் கிளம்பிய ஒரு சுற்றுலாப் பேருந்து, போன் காட்டிய குறுக்கு வழியை நம்பி எங்கள் சாலைக்குள் நுழைந்தது. எதிரிலிருந்து செங்கல் டிராக்டர் வந்தது. அதன் பின்னால் தருமபுரி போகும் டவுன் பஸ். நடுவில் அண்டா டெம்போ குறுக்கே திரும்பப் பார்த்துப் பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. போலியாக ஆரம்பித்த நெரிசல் அசல் ஆகிவிட்டது. என் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "டீ சாப்ட்டு வந்தர்றேங்க மாப்ள" என்று இறங்கிப் போனார். பேண்டு செட் மட்டும் விடாமல் வாசித்தது.

அப்போதுதான் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் ஒரு பை. வண்டிகளுக்கு நடுவில் நெளிந்து நெளிந்து நடந்து வந்தார். பிளெக்ஸ் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார், மறுபடி பிளெக்ஸைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, இவர்தான் ஆபீசர். ஜீப் மாட்டிக்கொண்டது, நடந்தே ஆய்வுக்கு வந்திருக்கிறார். மனதுக்குள் 'கோட்டை விட்டுராதே மாதேசு' என்று சொல்லிக்கொண்டேன்.

அவர் கார் ஜன்னலில் குனிந்தார். "நீங்கதான் மாதேசுங்களா தம்பி?"

"ஆமாங்க சார்."

"கல்யாணமுங்களா?"

"ஆமாங்க சார். பாருங்க, முகூர்த்தமே போயிரும் போல இருக்குது. எங்க ரோட்டு நெலமை இதுதானுங்க."

அவர் மறுபடி பிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். "ஆடி மாசத்துலயா தம்பி?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். "இந்த ரோட்டுல ஆடி, ஆவணின்னு பேதமே இல்லீங்க சார். வருசம் பூரா கல்யாணந்தான்."

"பொண்ணு எந்த ஊருங்க?"

"பென்னாகரமுங்க." (வாய்க்கு வந்தது அதுதான்.)

"எப்ப பேசி முடிச்சீங்க?"

"ஆறு மாசம் இருக்குமுங்க."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "வேற எங்கயோ பொண்ணு பாத்துட்டு இருந்ததா சொன்னாங்களே" என்றார்.

ஆபீசர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். உண்மையான மாப்பிள்ளை என்ன சொல்வான்? அதையே அழுத்தமாகச் சொன்னேன். "அதெல்லாம் சும்மா ஊர் பேச்சுக்குங்க சார். மனசு பூரா இந்த எடத்துலதானுங்க."

அவர் தலையை ஆட்டினார். கக்கத்தில் இருந்த மஞ்சள் பையை எடுத்து ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "கல்யாண மாப்பிள்ளையப் பாத்துட்டு வெறுங்கையோட போகக் கூடாதுங்க. நம்ம காட்டுல வெளஞ்சது. நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார்.

எவ்வளவு தங்கமான ஆபீசர் என்று நெகிழ்ந்துபோய்ப் பைக்குள் பார்த்தேன். தக்காளி. பறித்த ஈரம் போகாத நாட்டுத் தக்காளி. ஆபீசர் எதற்குத் தக்காளி கொடுக்கிறார் என்று பையைத் திருப்பினேன். ஏதோ ஒரு விசேஷத்துக்கு அச்சடித்த தாம்பூலப் பை அது. 'புதுமனை புகுவிழா. தங்கள் வரவை விரும்பும் கோவிந்தராஜ் குடும்பத்தார், மாரண்டஹள்ளி' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

ஜன்னலில் குனிந்தவர் ஆபீசர் இல்லை, பவித்ராவின் அப்பா.

பிற்பாடு தெரிந்தது இது. பெண்ணின் அப்பாவுக்கு என்னை விட மனதில்லை. கூட்டத்தோடு போனால்தானே ரோட்டில் மாட்டுகிறோம், ஆடி மாதமென்றால் ரோடு காலியாக இருக்கும், தனியாகப் போய்ப் பையனைப் பற்றிச் சத்தமில்லாமல் விசாரித்து வருவோம் என்று பஸ் ஏறியிருக்கிறார். அவ்வளவு விவரமான மனுஷன். எங்கள் சாலை முனையில் பஸ் நின்றதும் இறங்கி, டீக்கடையில் "என்னாங்க கூட்டம்?" என்று கேட்டிருக்கிறார். "கல்யாணமுங்க, மாதேசு வாத்தியாருக்கு. ஆடியில பண்றாங்கன்னா என்ன அவசரமோ" என்று அந்த டீக்கடைக்காரன் (அவனும் எங்க சங்கத்து உறுப்பினர்தான், நடிப்புக்கு ஒத்துழைச்சானாம்) சொல்லியிருக்கிறான்.

காரை விட்டு இறங்கி ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. நான் ஏற்பாடு செய்த வண்டிகள் ஒன்றுகூட எனக்கு வழி விடவில்லை. ஆட்டோவுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் மாலை சிக்கிப் பாதிப் பூ போயிற்று. பேண்டு செட்காரர்கள் மாப்பிள்ளை இறங்கிவிட்டார் என்று நினைத்து, வாசித்துக்கொண்டே என் பின்னால் வந்தார்கள். கையில் தக்காளிப் பையோடு நான் முன்னால், டிரம்மும் டிரம்பெட்டும் பின்னால். தூரத்தில் வெள்ளைச் சட்டை டவுன் பஸ்ஸில் ஏறுவது தெரிந்தது. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, பஸ் எங்கே போகும்? செங்கல் டிராக்டர் நகர்ந்தால்தானே டவுன் பஸ் நகரும். என் வாழ்க்கையில் நெரிசலுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னையும் மாலையையும் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். ஆடி, ஆபீசர், ஒத்திகை, பிளெக்ஸ், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு பைத்தியக்காரன் கதை மாதிரிதான் இருந்தது.

அவர் நிதானமாகக் கேட்டார். "அப்ப பென்னாகரத்துப் பொண்ணு?"

"இல்லீங்க."

"அந்த ஷீட்டுல நிக்கறது?"

"கம்ப்யூட்டர்ல இருந்ததுங்க."

பக்கத்துச் சீட்டில் கூடையோடு இருந்த அம்மாள், "மூஞ்சியப் பாத்தா நெசமாத்தான் தெரியுதுங்க" என்று எனக்காகச் சிபாரிசு செய்தார். கண்டக்டர், "டிக்கெட் எடுக்கறீங்களா, எறங்கறீங்களா மாப்ள?" என்றார்.

கோவிந்தராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ரோட்டுக்காவ இத்தனை கூத்துங்களா தம்பி?"

"ரோட்டுக்காக இல்லீங்க" என்றேன். "வைகாசியில நீங்க மண்டபம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. ரோடு இருந்தா வந்துருப்பீங்கல்ல. அதுக்குத்தானுங்க."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார், போனை எடுத்தார். அந்தப் பக்கம் யாரிடமோ மெதுவான குரலில் ஏதோ சொன்னார். வெகுநேரம் சொன்னார். பிறகு, "நீயே கேட்டுக்கோ" என்று அந்தப் பக்கத்துக்குச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"அலோ" என்றேன். வெளியே பேண்டு செட் இன்னும் ஓயவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது: "மேளச் சத்தம் கேக்குது. தாலி கட்டியாச்சுங்களா, இன்னும் டைம் இருக்குங்களா?"

பவித்ரா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

நெரிசல் கரையவே மத்தியானம் ஆகிவிட்டது. நிஜமான ஆபீசர்கள் ஜீப்போடு சாலை முனையிலேயே மாட்டி, ஊருக்குள் வராமலே, "ஆடியிலயே இப்படியா?" என்று அசந்துபோய்த் திரும்பியதாகச் சரோஜா அக்கா வெற்றிச் செய்தி சொன்னார். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு 'உம்மகன் கல்யாணம் பண்ணிக்கிட்டான்' என்று செய்தி போய், கரண்டியோடு ஓடி வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "பொண்ணு எங்கடா?" என்றுதான் கேட்டார். அவ்வளவு காய்ந்துபோயிருந்தார், பாவம்.

ஆவணியில் கல்யாணம், மாரண்டஹள்ளியில். "உங்க ரோட்டுல மட்டும் வேணாங்க மாப்ள" என்று மாமனார் ஒரே நிபந்தனை போட்டார். கூடவே அந்த பிளெக்ஸையும் கேட்டு வாங்கிப் போனார். தக்காளிப் பெட்டிகள் மேல் போர்த்த நல்ல கெட்டியான ஷீட்டாம். நானும் அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணும் பிக்கப் வண்டியின் முதுகில் ஜோடியாகக் கைகட்டிக்கொண்டும் வெட்கப்பட்டுக்கொண்டும் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்கும் ஓசூருக்கும் போய் வந்தோம், ஷீட் கிழிகிற வரைக்கும்.

இணைப்புச் சாலையும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. முள்ளை வெட்டித் தார் போட்டார்கள். போட்டதும் அதன் ஓரத்தில் நான்காவது மண்டபமும், சீக்கிரமே ஐந்தாவதும் முளைத்தன. இப்போது நாங்கள் இரண்டு சாலைகளில் மாட்டிக்கொள்ளலாம், எதில் என்பது எங்கள் விருப்பம். அதற்காக நான் யாரிடமும் மல்லுக்கு நிற்பதில்லை. எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டு அடுத்த மண்டபத்து நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. நான் நெரிசலில் மாட்டி நேரம் கழித்து வந்தால், பவித்ரா தட்டை வைத்துக்கொண்டே, "மூத்தவ இன்னைக்குச் சீக்கிரம் விட்டுட்டாளா?" என்பாள். நான் முதலில் மாலை போட்டுக்கொண்டது ரோட்டுக்காகத்தானே, அதனால் ரோடுதான் என் மூத்த சம்சாரமாம். முதலில் சிரித்தேன். பிறகு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வீட்டில் பேசுகிற பாஷையைக் கற்றுக்கொண்டாள். அம்மாவுக்கு மூத்தவள் என்றால் அவளுக்கு என்ன முறை? அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள், கணக்கு வாத்தியார் மகளாயிற்றே.

இந்த வருஷம் அவளை முதல் வகுப்பில் சேர்த்தோம். பெற்றோர் கூட்டத்துக்கு நான் அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். வழக்கம்போல முகூர்த்த நாள். புதிதாக வந்த டீச்சர், "அப்பா ஏன்மா லேட்டு?" என்று இவளைச் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்.

"எங்கப்பா பெரியம்மா வூட்டுக்குப் போயிட்டுத்தான் மிஸ் வருவாரு. முகூர்த்த நாள்னா பெரியம்மா விடவே மாட்டாங்க."

நான் உள்ளே நுழைந்தபோது டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை, அன்றைக்கு டவுன் பஸ்ஸில்கூட யாரும் பார்க்கவில்லை. "அது வந்துங்க மிஸ், ரோடுங்க..." என்று ஆரம்பித்தேன். பக்கத்து நாற்காலியில் பவித்ரா மகள் தலையைத் தடவியபடி யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தப் போட்டோவில் சிரித்த அதே மாதிரி. இந்த முறை அந்த யாரோ நான்தான்.